மொழிப் பட்டப்படிப்பில் பல்கலைக்கழகம் மாறுகிறீர்களா? கிரெடிட் வீணாகாமல் இருக்கச் செய்ய வேண்டியவை

பல்கலைக்கழகம் மாறும் மொழி மாணவர்களுக்கு வரும் முதல் கடிதம் பெரும்பாலும் நல்ல செய்தியாகத்தான் இருக்கும்: "உங்கள் 54 கிரெடிட்டுகள் ஏற்கப்பட்டன." துறையில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். அதில் 30 கிரெடிட் எலெக்டிவ் (விருப்பப் பாட) கணக்கில் போயிருக்கும். மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) எண்ணப்படுவது 12 மட்டுமே என்பார்கள். இந்த இரண்டு முடிவுகளும் வெவ்வேறு இடங்களில் எடுக்கப்படுகின்றன. கிரெடிட்டைப் பதிவேட்டில் ஏற்றுவது சேர்க்கைப் பிரிவோ பதிவாளர் அலுவலகமோ செய்யும் வேலை. அந்தப் பாடம் பட்டத்தின் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது என்று சொல்வது மொழித்துறை. அதனால் "கிரெடிட் வருமா?" என்பதோடு நிறுத்திவிடாமல், "எந்தத் தலைப்பின் கீழ் வரும்?" என்றும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன ஆலோசகர் அடுத்த ஆண்டு வேறு பொறுப்புக்குப் போயிருக்கலாம்.

முதலில் படிக்க வேண்டிய நான்கு விதிகள்

சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கல்வி விதிமுறைக் கையேட்டை, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு உரிய பதிப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பட்டத் தேவைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரும்பாலும் சேர்ந்த ஆண்டின் விதிதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதில் நான்கு இடங்களைத் தேடுங்கள்.

ஒன்று, அங்கேயே படித்தாக வேண்டிய குறைந்தபட்சக் கிரெடிட். 120 கிரெடிட் பட்டத்தில் 30 கிரெடிட்டாவது அந்த வளாகத்தில் எடுக்க வேண்டும் என்பது போன்ற விதி பல இடங்களில் உண்டு. மேஜருக்கு மட்டும் தனியாக ஒரு விதியும் இருக்கும்: மேஜர் பாடங்களில் பாதியாவது இங்கே படித்திருக்க வேண்டும் என்பார்கள். மொழி மாணவர்களை இடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது விதிதான்.

இரண்டு, மேல்நிலைப் பாடங்களின் எண்ணிக்கை. முதல் இரண்டு ஆண்டுகளின் மொழிப் பயிற்சிப் பாடங்கள் எத்தனை வந்தாலும், மூன்றாம், நான்காம் ஆண்டு நிலையில் இத்தனை பாடங்கள் வேண்டும் என்ற விதியை அவை நிறைவு செய்யாது.

மூன்று, குறைந்தபட்ச கிரேடு. பட்டத்துக்குத் தேர்ச்சியே போதும் என்றாலும், மேஜருக்கு சி கிரேடோ அதற்கு மேலோ கேட்கலாம். 'தேர்ச்சி/தோல்வி' என்று மட்டும் பதிவான பாடத்தைப் பல துறைகள் மேஜருக்குச் சேர்ப்பதில்லை. மாறும் எண்ணம் இருந்தால் மொழிப் பாடம் எதையும் அந்த முறையில் எடுக்காதீர்கள்.

நான்கு, சராசரி கிரேடு. கிரெடிட் வந்தாலும் பழைய கிரேடுகள் புதிய சராசரியில் சேராமல் போகலாம். அப்படியானால் முதல் செமஸ்டரில் எடுக்கும் நான்கைந்து பாடங்களே உங்கள் முழுச் சராசரியாக நிற்கும். உதவித்தொகைக்குச் சராசரி நிபந்தனை இருந்தால் அந்தச் செமஸ்டரில் சுமையைக் குறைத்து எடுப்பது நல்லது.

கிரெடிட் கணக்கு, பாதியில் அறுந்த தொடர்

ஐரோப்பிய ஈ.சி.டி.எஸ். முறையில் ஒரு முழு ஆண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டு வேலை, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஒரு முழு ஆண்டு 120, ஆகவே இரண்டு பிரிட்டிஷ் கிரெடிட் ஒரு ஈ.சி.டி.எஸ். அமெரிக்க செமஸ்டர் முறையில் ஆண்டுக்குச் சுமார் 30, ஆகவே இரண்டு ஈ.சி.டி.எஸ். ஏறக்குறைய ஒரு அமெரிக்கக் கிரெடிட். கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையிலிருந்து, இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டருக்கு வந்தால் கிரெடிட் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்.

மற்றத் துறை மாணவருக்கு இது வெறும் வகுத்தல் கணக்கு. மொழி மாணவருக்கு இங்கேதான் சிக்கல். ஒரு முதலாண்டு மொழித் தொடர் பழைய இடத்தில் மூன்று குவார்ட்டர், ஒவ்வொன்றும் 5 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் முடித்தால் 15 குவார்ட்டர் கிரெடிட், அதாவது 10 செமஸ்டர் கிரெடிட். புதிய இடத்தில் முதலாண்டு இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றும் 5 கிரெடிட் என்றால் கணக்கு நேராக முடிந்துவிடும். இரண்டு குவார்ட்டரோடு கிளம்பினால் 6.67 கிரெடிட்தான் கையில் இருக்கும். முதல் செமஸ்டருக்கு ஈடாக 5 போகும். மீதி 1.67 எந்தப் பாடத்துக்கும் ஈடாகாது. இரண்டாம் செமஸ்டர் வகுப்பில் உட்கார்ந்தால், அதன் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே படித்த இலக்கணமாகவே இருக்கும். மாறுவதற்கான தேதி உங்கள் கையில் இருந்தால், ஒரு ஆண்டின் தொடரை முழுவதும் முடித்துவிட்டு மாறுங்கள்.

சில இடங்களில் வேறொரு பிரச்சினை வரும். பாடம் பொருந்தும், ஆனால் கிரெடிட் கொஞ்சம் குறையும். 5 குவார்ட்டர் கிரெடிட் பாடம் 3.33 ஆகும், தேவை 4 என்று எழுதியிருக்கும். அப்போது துறையிடம் கேட்க வேண்டியது, "பாடத் தேவை நிறைவானதாக ஏற்று, குறையும் கிரெடிட்டை எலெக்டிவில் ஈடுசெய்ய அனுமதிப்பீர்களா?" என்பது. பல துறைகள் ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கை இது. யாரும் தாமாக முன்வந்து சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நிலைத் தேர்வு: எதற்கு, எப்படி

டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவுச் சான்றில்) 'இடைநிலை 2' என்று இருப்பதை வைத்து யாரும் உங்களை மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார வைக்கமாட்டார்கள். ஒரு இடத்தின் இடைநிலை 2, மொழித்திறனுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின்படி (ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள்) ஏ2 முடிவாக இருக்கும். இன்னொரு இடத்தில் அதே பெயர் பி1 முடிவைக் குறிக்கும். அதனால்தான் நிலைத் தேர்வு வைக்கிறார்கள்.

இந்தத் தேர்வு பெரும்பாலும் வகுப்பை மட்டுமே தீர்மானிக்கும், கிரெடிட் தராது. உயர்நிலையில் இடம் கிடைத்தால் கீழ்நிலைப் பாடங்களிலிருந்து விலக்கு கிடைக்கும். அவற்றின் கிரெடிட்டை வேறு பாடம் எடுத்து நிரப்ப வேண்டும். இதற்கு ஒரு மாற்று சில பல்கலைக்கழகங்களில் உண்டு: நிலைத் தேர்வு சொன்ன வகுப்பில் குறிப்பிட்ட கிரேடு வாங்கினால், தாண்டிவந்த கீழ்நிலைப் பாடங்களுக்கும் பின்தேதியிட்டுக் கிரெடிட் கொடுப்பார்கள். இதற்குத் தனி விண்ணப்பமும் காலக்கெடுவும் இருக்கலாம். அந்த வகுப்பு நீங்கள் கல்லூரியில் எடுக்கும் முதல் மொழிப் பாடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரலாம். அப்படியிருந்தால் பிற கல்லூரியில் ஏற்கெனவே மொழிப் பாடம் படித்தவருக்கு இது கிடைக்காது.

சுலபமாக நல்ல கிரேடு வாங்கலாம் என்று நிலைத் தேர்வை வேண்டுமென்றே மோசமாக எழுதுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உயர்ந்த பாடத்தை முடித்தவர் அதற்கு முந்திய பாடத்தை எடுத்தால் கிரெடிட் கிடையாது என்பது மொழித்துறைகளில் பரவலான விதி. இடைநிலை 2 கிரெடிட்டோடு வந்து இடைநிலை 1 வகுப்பில் சேர்ந்தால், புதிய பாடத்தின் கிரெடிட்டோ, மாற்றி வந்த கிரெடிட்டோ, இரண்டில் ஒன்று பறிபோகும். உண்மையிலேயே மொழி மறந்துபோய் கீழே போக வேண்டியிருந்தால், வகுப்பில் சேரும் முன் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள்.

படித்து முடித்ததற்கும் புதிய இடத்தில் தொடங்குவதற்கும் நடுவில் ஓராண்டு இடைவெளி விழுந்தால் பேச்சும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் நன்றாகவே மங்கிவிடும். இலக்கணத்தைப் புரட்டிக்கொண்டு தேர்வுக்குப் போனால் எழுத்துத் தாளில் உயர்ந்த நிலையும் நேர்காணலில் தடுமாற்றமும் வரும். தேர்வுக்கு முந்திய மூன்று நான்கு வாரங்கள் தினமும் அரை மணி நேரம் அந்த மொழியில் கேளுங்கள், யாரோடாவது வாய்விட்டுப் பேசுங்கள். இலக்கண மறுபார்வை அதற்கு அடுத்துதான்.

வீட்டிலேயே அந்த மொழி பேசி வளர்ந்தவர்கள் அதை மறைக்க வேண்டாம். தாய்மொழிப் பின்னணி உள்ளவர்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் துறைகள் உண்டு. எழுத்து, நடை, சொல்வளம் ஆகியவற்றுக்கு அங்கே கவனம் கிடைக்கும். பின்னணி தெரிந்த பிறகு தொடக்க வகுப்பிலிருந்து நீக்கினால் அந்தச் செமஸ்டரின் ஒரு பாடம் காலியாகிவிடும்.

வெளித் தேர்வுச் சான்றிதழ்களைப் பொறுத்தவரை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சேர்க்கைக்கு மொழித்திறன் காட்டுவது வேறு, அதற்குக் கிரெடிட் கேட்பது வேறு. ஆங்கிலத்துக்கான டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்களைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் பார்ப்பார்கள். பிரெஞ்சு டெல்ஃப், டால்ஃப் சான்றிதழ்களும் ஸ்பானிய டெலே சான்றிதழும் காலாவதி ஆவதில்லை. ஜப்பானிய ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் கட்டுரை எழுதுவதும் கிடையாது. அதனால் என்2 (அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) சான்றிதழைக் காட்டினாலும் உரையாடல், எழுத்துப் பாடங்களிலிருந்து விலக்குத் தரத் துறை தயங்கும்.

சிலபஸ்தான் உங்கள் சாட்சி

ஒரு பாடம் மேஜரில் எண்ணப்படுமா என்பதைத் துறை முடிவு செய்யும்போது அவர்கள் கையில் இருப்பது டிரான்ஸ்கிரிப்டில் உள்ள ஒரு வரியும் நீங்கள் கொடுக்கும் சிலபஸும்தான். '20ஆம் நூற்றாண்டுப் புதினம்' என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதினங்களை மூலமொழியில் படித்தார்களா, மொழிபெயர்ப்பிலா? வகுப்பு எந்த மொழியில் நடந்தது? கட்டுரைகள் எந்த மொழியில்? இது எதுவும் தெரியாவிட்டால், மொழிபெயர்ப்பில் நடந்த பாடம் என்று வைத்து எலெக்டிவில் தள்ளிவிடுவார்கள். அதே பாடத்துக்கு, "நான்கு புதினங்கள் மூலமொழியில், வகுப்பு முழுக்க அதே மொழியில், 1,500 சொற்களில் இரண்டு கட்டுரைகள்" என்று சிலபஸ் சொன்னால் மேல்நிலை இலக்கியப் பாடமாக ஏற்க வழி பிறக்கும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கோப்பாக வைக்க வேண்டியவை: நீங்கள் படித்த அதே செமஸ்டரின் சிலபஸ், பாடக் குறியீடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை வாரம், பாடநூலும் முடித்த அத்தியாயங்களும், மதிப்பெண் பிரிவினை, கற்பித்த மொழி, முடிவில் எட்ட வேண்டிய நிலை. மொழிப் பாடத்தில் அத்தியாய எண் மிக முக்கியம். இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரே பாடநூலைப் பயன்படுத்தினால் அந்த ஒரு வரியே வழக்கை முடித்துவிடும். திருத்தி மதிப்பெண் போட்ட கட்டுரைகளில் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

இவற்றைப் பழைய பல்கலைக்கழகத்தின் மாணவர் கணக்கு மூடப்படும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். மாறிய பிறகு ஆசிரியருக்கு எழுதிக் கேட்கலாம் என்று விட்டால், அவர் விடுப்பிலோ வேறு ஊரிலோ இருப்பார். டிரான்ஸ்கிரிப்ட்டை மட்டும் நீங்கள் பிரித்துக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்ப வேண்டும் அல்லது உறை பிரிக்காமல் வர வேண்டும். வேறு மொழியில் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். நீங்களே அந்த மொழியில் வல்லவராக இருந்தாலும் உங்கள் மொழிபெயர்ப்பு செல்லாது.

வெளிநாட்டு செமஸ்டர்

ஒரு செமஸ்டர் வெளியே போய்ப் படித்துத் திரும்புவதும் கிரெடிட் மாற்றம்தான். ஐரோப்பியப் பரிமாற்றத் திட்டங்களில் புறப்படும் முன் கற்றல் ஒப்பந்தம் ஒன்றில் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் மூவரும் கையெழுத்திடுவார்கள். அந்த மாதிரி ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் அதே அட்டவணையை நீங்களே தயாரித்துத் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்: அங்கே எடுக்கும் பாடம், கிரெடிட், இங்கே எதற்கு ஈடு. போய்ச் சேர்ந்ததும் நேர மோதலால் ஒரு பாடம் மாறுவது சாதாரணம். மாறிய அன்றே மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அங்கே ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களை எடுத்தால் அவை மொழி மேஜரில் எண்ணப்படாமல் போகலாம். மேஜர் கிரெடிட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் அந்த மொழியில் நடக்கும் பாடங்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

மறுத்தால்

மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, முதலில் அதைப் பாருங்கள். மனுவில் உணர்ச்சி வேண்டாம், இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போதும்: இடப்புறம் அவர்கள் பாடத்தின் வாரவாரியான பொருள், வலப்புறம் நீங்கள் படித்தது, ஒவ்வொரு வரிக்கும் சிலபஸ் பக்க எண். எட்டில் ஏழு பொருந்தினால், பொருந்தாத ஒன்றையும் மறைக்காமல் காட்டி, அதை எப்படி ஈடுசெய்வீர்கள் என்று எழுதுங்கள். பிற நாடுகளின் உயர்கல்வித் தகுதிகளை ஏற்பது பற்றிய 1997 லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் இன்னொரு பிடியும் உண்டு: அங்கீகாரத்தை மறுக்கும் நிறுவனம்தான் இரண்டு படிப்புக்கும் கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்ட வேண்டும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்பது அங்கே உங்கள் உரிமை.

எல்லாம் ஏற்கப்பட்ட பிறகும் முதல் செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் பட்டத் தணிக்கை அறிக்கையை (பட்டத் தேவைகளில் எவை நிறைவாகியுள்ளன என்று காட்டும் பட்டியலை) திறந்து, ஒவ்வொரு பழைய பாடமும் எந்தத் தலைப்பின் கீழ் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். துறை மேஜருக்கு ஒப்புதல் கொடுத்த பாடம் பதிவேட்டில் இன்னும் எலெக்டிவாகவே கிடந்தால், ஒப்புதல் மின்னஞ்சலை இணைத்து அப்போதே பதிவாளருக்கு அனுப்புங்கள். கடைசி செமஸ்டரில் கண்டுபிடித்தால் அதைச் சரிசெய்யும் வரை பட்டம் நிற்கும்.