ஆடாதோடை மணப்பாகு காய்ச்சும் முறை

சித்த மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஐப்பசி மழை பிடித்தால் போதும், "அக்கா, அந்த இருமல் பாகு இருக்கா?" என்று யாராவது கிண்ணத்தோடு வாசலில் நிற்பார்கள். இனிமேல் நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

செடிக்கு அலைய வேண்டாம். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் எங்கள் பக்கம் வேலிக்கே வைத்திருப்பார்கள். ஈட்டி போல நீண்ட இலை, எதிரெதிராக இருக்கும். வெள்ளைப் பூவின் உள்ளே ஊதாக் கோடுகள் ஓடும். பூ இல்லாத செடியை அடையாளம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பறியுங்கள். சாக்கடை ஓரத்துச் செடி வேண்டாம்.

முற்றிய இலை அரைக் கிலோ. நன்றாக அலசி, நடு நரம்பைக் கிள்ளி எறியுங்கள். பச்சையாக அம்மியில் வைத்து இடித்தால் கைதான் வலிக்கும், சாறு இறங்காது. இலையைக் கசக்கி வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, இட்லிப் பானையில் கால் மணி நேரம் அவியுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு வரும். கசப்பு நாக்கைப் பிடுங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

சாற்றை அளந்துகொள்ளுங்கள். 100 மி.லி.க்கு 200 கிராம் பனங்கற்கண்டு. இனிப்புக்காக மட்டும் இவ்வளவு போடவில்லை. பாகு கெடாமல் காப்பதே அந்தச் சர்க்கரைதான். குறைத்துப் போட்டால் சில நாளில் புளித்து நுரைத்துவிடும். கற்கண்டு கரைந்ததும் ஒருமுறை வடிகட்டி, சிறு தீயில் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, வெந்நீரில் கலந்து, காலையும் இரவும். குழந்தைகளுக்கு நீங்களாக அளவு முடிவு செய்யாதீர்கள், சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

என்ன செய்யும்? கெட்டிச் சளியை இளக்கும். இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். கடையில் இருமல் டானிக் வாங்கினால் லேபிளைப் பாருங்கள், அதுவோ அதன் வாரிசான அம்ப்ராக்ஸாலோ பலவற்றில் இருக்கும். அதற்காக ஆஸ்துமாவையும் காசநோயையும் இந்தப் பாகே தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். 'இலைதானே' என்று இதில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்தப் பாகு ஆகாது. சிலர் அதிமதுரமும் சேர்ப்பார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தவிர்க்கவும், அது அழுத்தத்தை ஏற்றும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ பாட்டிலை மூடி வைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அங்கே அது இலவசம்.