யாழ்ப்பாண வீட்டுக்குக் கமரா பூட்டுவோர் கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதிய பெற்றோர் தனித்து வாழும் வீட்டுக்கோ, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கோ பாதுகாப்புக் கமரா பூட்டிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று விடுமுறையில் யாழ்ப்பாணம் செல்வோர் பலர், கமராவின் விலையையும் படத்தின் தெளிவையும் நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்; அதற்குச் செல்லும் கேபிளை மட்டும் பூட்ட வருபவரின் தெரிவுக்கு விட்டுவிடுகிறார்கள். கமரா பழுதானால் உறவினர் ஒருவர் ஏணி வைத்துக் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம். சீலிங்குக்கு மேலாகவும் மதிலோரமாகவும் நிலத்தின் கீழும் சென்ற கேபிளை, நீங்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு மாற்றுவிப்பது பெரும்பாடு. ஆகவே ஊரில் நிற்கும் சில வாரங்களில் நீங்கள் நேரில் நின்று பார்க்க வேண்டிய பொருள் கேபிளே என்பது என் உறுதியான கருத்து.

இங்கே பேசப்படுவது, படத்தையும் மின்சாரத்தையும் ஒரே நெற்வேர்க் கேபிளில் கொண்டுசெல்லும் பி.ஓ.ஈ. (PoE) கமராக்களைப் பற்றியது. வைஃபை கமராவுக்கும் மின்சார வயர் ஒன்று போகத்தான் வேண்டும். அத்துடன் பழைய சுண்ணக்கல் சுவர்களையும் நீண்ட வளவையும் கடந்து படலை வரை வைஃபை நம்பகமாக எட்டுவதில்லை. பி.ஓ.ஈ. முறையில் எல்லாக் கமராக்களுக்கும் மின்சாரம் வீட்டினுள் இருக்கும் ஒரே நெற்வேர்க் சுவிச்சிலிருந்து (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) செல்வதால், அந்தச் சுவிச்சையும் ரவுட்டரையும் பதிவுப் பெட்டியையும் ஒரு யூ.பி.எஸ். உடன் இணைத்துவிட்டால், மின்தடை நேரத்திலும் யூ.பி.எஸ். தாங்கும் வரை கமராக்கள் அணையாமல் இருக்கும்.

பி.ஓ.ஈ. என்ற பெயரில் இருவேறு பொருட்கள் விற்பனையாகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஐ.ஈ.ஈ.ஈ. (IEEE) என்ற பன்னாட்டுப் பொறியியலாளர் அமைப்பின் நியமப்படி அமைந்தது. 2003 இல் வந்த 802.3ஏஎஃப் நியமத்தில் சுவிச் 15.4 வாற் கொடுக்கும். 100 மீற்றர் தொலைவிலும் கமராவுக்கு 12.95 வாற் கிடைக்கும். 2009 இல் வந்த 802.3ஏற்றீ நியமத்தில் சுவிச் 30 வாற் கொடுக்க, கமராவுக்கு 25.5 வாற் கிடைக்கும். நிலையாகப் பொருத்தும் சாதாரண வீட்டுக் கமராக்களுக்கு முதலாவதே போதும். சுழன்று பார்க்கும் பெரிய கமராக்களுக்கு இரண்டாவது தேவைப்படலாம். இம்முறையில் மின்சாரம் ஏறத்தாழ 48 வோல்ற்றில் செல்கிறது. கமராவை அடையாளம் கண்ட பின்னரே சுவிச் அதனைத் திறந்துவிடுகிறது. மற்றையது, 12 வோல்ற் அடப்ரரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கேபிளின் இரண்டு சோடிக் கம்பிகளில் அப்படியே ஏற்றி அனுப்பும் மலிவான இணைப்பு வயர்.

இந்த இரண்டாவது வகை ஏன் நம் வளவுகளுக்கு ஒத்துவராது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்புள்ள தூய செப்புக் கம்பியின் தடை 100 மீற்றருக்கு ஏறத்தாழ 8.4 ஓம். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது 8 வாற் இழுக்கும் கமரா ஒன்று 60 மீற்றருக்கு அப்பால் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு சோடி போவதற்கும் ஒரு சோடி திரும்புவதற்குமாக, மொத்தத் தடை ஏறத்தாழ 5 ஓம் ஆகிறது. 48 வோல்ற்றில் அனுப்பினால் வழியில் இழப்பது ஒரு வோல்ற்றிலும் குறைவு. 12 வோல்ற்றில் அனுப்பினாலோ, அந்தக் கேபிளால் மறுமுனைக்குக் கொடுக்கக்கூடிய ஆகக் கூடிய வலுவே 7.2 வாற்தான், எனவே கமரா இயங்க வழியே இல்லை. தூரம் 30 மீற்றராக இருந்தாலும் 10 வோல்ற்தான் போய்ச் சேரும். பகலில் நன்றாக வேலை செய்து, பொழுதுபட்டு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரியும் கமராக்களில் பலவற்றின் நோய் இதுவே. கள்வர் நடமாடும் நேரத்தில் கண்மூடும் கமராவால் என்ன பயன்? வீட்டிலிருந்து படலை வரை இத்தகைய வயரில் கமரா பூட்ட ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கம்பியின் உலோகம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது முழுச் செம்பன்று. செம்பு பூசிய அலுமினியம். சி.சி.ஏ. (CCA) என்ற எழுத்துக்கள் பெட்டியிலோ கேபிளின் உறையிலோ இருந்தால் அது இதுதான். அவ்வெழுத்துக்கள் இல்லை என்பதற்காக அது செம்பு என்று நம்பிவிடவும் கூடாது. இதன் தடை செம்பினதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனிலும் பெரிய குறை, பிளக்கின் பற்கள் குத்தும் இடத்தில் மேற்பூச்சு கிழிந்து அலுமினியம் வெளிப்படுவதும், உப்பும் ஈரமும் பட்டு அந்த இடம் அரித்துப்போவதும் ஆகும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கடற்கரை ஊர்களில் வீடுள்ளவர்கள் இதனை மிகுந்த கவனத்தோடு தவிர்க்க வேண்டும். கட்டடங்களில் நிலையாகப் பொருத்தும் நெற்வேர்க் கேபிள்களுக்கான நியமங்களும் செம்பு பூசிய அலுமினியத்தை ஏற்பதில்லை.

சோதிப்பது எளிது. கடையிலேயே ஒரு முனையை உரித்து, பிளேட்டினால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம், எவ்வளவு சுரண்டினாலும் சிவந்தே இருந்தால் செம்பு. அதே கம்பியைச் சில தரம் முன்னும் பின்னும் வளைத்தால் அலுமினியம் விரைவில் முறிந்துவிடும். நிறையும் ஒரு சாட்சி: 305 மீற்றர் கொண்ட ஒரு பெட்டி கற்-5ஈ (Cat5e) வகை நெற்வேர்க் கேபிளில் செம்பு மட்டுமே ஏறத்தாழ நாலரைக் கிலோவும், அதனிலும் சற்றுத் தடித்த கற்-6 (Cat6) வகையில் ஐந்தரைக் கிலோவுக்கு மேலும் இருக்க வேண்டும். ஒரு கையால் இலகுவாகத் தூக்கக்கூடிய முழுப் பெட்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள். பற்றுச்சீட்டில் முழுச் செம்பு என்று எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வகையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. வீட்டுக் கமரா ஒன்றின் படம் பெரும்பாலும் நொடிக்கு 10 மெகாபிற்றுக்குள் அடங்கிவிடுவதால் கற்-5ஈ தாராளமாகப் போதும். கம்பி சற்றுத் தடித்தது என்பதற்காகக் கற்-6 வாங்குவது நல்லது. கற்-7, கற்-8 என்று வெளிநாட்டிலிருந்து சுமந்து செல்வது வீண் செலவு. அங்கு விற்கும் தட்டையான மெல்லிய கேபிள்களை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அவற்றின் கம்பி மிக மெல்லியது. எந்த வகையானாலும் சுவிச்சிலிருந்து கமரா வரை 100 மீற்றரைத் தாண்டக்கூடாது.

உறை நம் வெயிலுக்கும் மாரிக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். வீட்டினுள் பயன்படுத்தும் சாம்பல் அல்லது நீல நிறப் பி.வி.சி. உறை வெளியே நேர்வெயிலில் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். பின்னர் மழைநீர் உட்புகுந்து, உறையின் உள்ளாகவே ஊர்ந்து வீட்டினுள் இருக்கும் சுவிச் வரை வரக்கூடும். வெளியே செல்லும் பகுதிக்குக் கறுப்புப் பொலித்தீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிளையும், நிலத்தின் கீழ் செல்வதற்கு உள்ளே பசை நிரப்பியதையும் கேட்டு வாங்குங்கள். அதையும் குழாய்க்குள் இட்டே கொண்டுசெல்ல வேண்டும். ஓட்டுக் கூரைக்குள் ஓடித்திரியும் அணிலும் எலியும் எந்த உறையையும் கடித்துவிடும். 230 வோல்ற் வயர் செல்லும் குழாய்க்குள் இதனைச் சேர்த்து இழுக்க விடாதீர்கள்.

இடிமின்னலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பனை, தென்னை மரங்களில் கமராவைக் கட்டி அதிலிருந்து செப்புக் கேபிளை வீட்டுக்குள் கொண்டுவருவது மின்னலுக்கு வழி வெட்டிக் கொடுப்பதாகும். படலைத் தூணில் பூட்டுவதானால், கேபிள் வீட்டினுள் நுழையும் இடத்தில் பி.ஓ.ஈ. கேபிளுக்கான மின்னெழுச்சித் தடுப்பி (surge protector) ஒன்றைப் பொருத்தி, அதனை வீட்டின் நிலத்தொடுப்புடன் (earth) இணைப்பிக்க வேண்டும். நிலத்தொடுப்பு இல்லாமல் வைக்கும் தடுப்பி வெறும் அலங்காரப் பொருளே.

பூட்டும்போது ஒவ்வொரு கமராவுக்கும் இடையில் ஒட்டுப்போடாத தனிக் கேபிள் இழுப்பியுங்கள். படலைப் பக்கம் செல்லும் குழாயில் மேலதிகமாக ஒரு கேபிளையும் இட்டு வைத்தால், பின்னாளில் ஒன்று பழுதானாலும் மண்ணைக் கிண்ட வேண்டியிராது. கற்-6 கம்பிகள் தடித்தவை என்பதால் அதற்குரிய ஆர்.ஜே. 45 பிளக்கையே பயன்படுத்த வேண்டும். கமராவோடு வரும் நீர்புகா மூடியைத் தூக்கி எறியாமல் பூட்டச் சொல்லி, அந்த இணைப்பை ஒரு சிறு பெட்டிக்குள் வைப்பியுங்கள். பெட்டிக்குள் நுழையுமுன் கேபிள் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால், வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எட்டு விளக்கும் எரியும் சிறு சோதனைக் கருவியைக் காட்டி எல்லாம் சரி என்பார்கள். அது கம்பி அறுபடவில்லை என்பதையும் வரிசை பிழைக்கவில்லை என்பதையும் மட்டுமே சொல்லும். உண்மையான சோதனை இரவில்தான்: எல்லாக் கமராக்களின் அகச்சிவப்பு விளக்குகளும் எரிய, விடியும் வரை ஓடவிட்டு, மறுநாள் பதிவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைப் பயணத்தின் கடைசி இரவுக்கு வைக்காமல், குறை இருந்தால் பூட்டியவரை மீண்டும் அழைக்க ஒரு வாரமாவது மிஞ்சும்படி வேலையைத் தொடங்குங்கள்; மீதிப் பணத்தையும் அதன் பின்னரே கொடுங்கள்.