ரெண்டு வருஷ கிரீன் கார்டைப் பத்து வருஷக் கார்டாக்குவது எப்படி? கல்யாண ஆல்பம் மட்டும் போதாதுங்க!

போன மாசம் கோபிசெட்டிபாளையத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். மாப்பிள்ளை டெக்சாஸில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். விசா வந்தாச்சு, அடுத்த வாரம் பயணம். "ஏனுங்க்கா, கார்டு ரெண்டு வருஷத்துக்குத்தான் வருமாமா? அப்பறம் மறுபடியும் நிரூபிக்கணுமாமா? இதக் காட்டுனாப் போதுமுங்களா?" என்று ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இப்போதைய ஆல்பங்கள் தெரியுமே, தூக்க ரெண்டு கை வேணும்.

"போதாது கண்ணு" என்றேன். முகம் சுருங்கிப்போச்சு. நானும் இதே நினைப்போடு போய் முட்டிக்கொண்டவள்தான். அங்கே கேட்பது, கல்யாணம் நடந்ததா என்று இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் குடும்பம் நடத்தினீங்களா என்றுதான். அதற்கு சாட்சி பட்டுப் புடவை இல்லை, கரண்ட் பில். அவளுக்கு அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில்: இது உங்களுக்கா?

அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும் அன்று கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகவில்லை என்றால், நிபந்தனையோடு ரெண்டு வருஷக் கார்டுதான் தருவார்கள். போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் வந்த சட்டம் இது. கார்டில் வகைக் குறியீடு சிஆர்1 (CR1) அல்லது சிஆர்6 (CR6) என்று இருந்தால் மேலே படியுங்க. ஐஆர்1 (IR1) என்று இருந்தால் அது நிபந்தனை இல்லாத கார்டு, உங்களுக்கு இந்த வேலையே இல்லை.

ஒரு சின்ன சூட்சுமம். விசா கையில் இருக்கிறது, கல்யாணமாகி ஒரு வருஷம் பதினொரு மாசம் ஆச்சு என்று வைத்துக்கொள்ளுங்க. விசா காலாவதியாகாத பட்சத்தில், ரெண்டாவது கல்யாண நாள் கழித்து அங்கே போய் இறங்கினால் நேராகப் பத்து வருஷக் கார்டு. இறங்கும்போது அதிகாரியிடம் கல்யாணத் தேதியைச் சொல்லி, ஐஆர்1 என்று பதியச் சொல்லுங்க. ஒரு மாசம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போனால் குறைந்தா போய்விடும்?

படி 1: தேதியைக் காலண்டரில் குறியுங்க

நிபந்தனையை நீக்கக் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் ஐ-751 (I-751). புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து போடுவது. கார்டு காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். கார்டில் 2027 ஆகஸ்ட் 15 என்று இருந்தால், மே 17-லிருந்து போடலாம். முந்திக்கொண்டு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போடாமலே விட்டால் குடியிருப்பு உரிமை தானாகவே போய்விடும், நாடு கடத்தும் வழக்கு வரும். தக்க காரணம் காட்டித் தாமதமாகப் போட வழியுண்டு. ஆனால் அதை நம்பி இருக்காதீங்க.

படி 2: போய் இறங்கிய மாசமே ரெண்டு பேர் பேரையும் சேருங்க

எங்க வீட்டுக்காரர் எனக்கு எட்டு வருஷம் முந்தியே அமெரிக்கா போனவர். வீட்டு வாடகை ஒப்பந்தம், பேங்க், கரண்ட், கார் எல்லாமே அவர் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை எதுக்கு நிறுத்தணும் என்று விட்டுவிட்டோம். ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்தது பதினாலாவது மாசம். விளைவு, விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருஷம் கழித்து, முதல் வருஷத்துக்குக் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. தப்பு எங்க மேலதான். என் பேர் போட்ட பழைய மருந்துக் கடை ரசீதுகளைத் தேடி அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேண்டாம். அதனால்:

வாடகை ஒப்பந்தத்தில் உங்க பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. மாமனார் வீட்டிலோ, மச்சாண்டார் வீட்டிலோ குடியிருந்தால் ஒப்பந்தமே இருக்காது. நம்ம ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். அப்போது அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதே முகவரிக்கு உங்க பேரிலும் உங்க கணவர் பேரிலும் வந்த தபால்களை அதோடு வையுங்க. ஓட்டுநர் உரிமம் ரெண்டு பேருக்கும் அதே முகவரியில் இருக்கட்டும்.

ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்தால் மட்டும் போதாது, அது ஓடணும். நூறு டாலரைப் போட்டுத் தூங்கவிட்ட கணக்கு எதையும் சொல்லாது. சம்பளம் அதில் விழணும். வாடகை, மளிகை, பால் எல்லாம் அதிலிருந்து போகணும். மூணு மாசத்துக்கு ஒரு ஸ்டேட்மென்ட் என்று ரெண்டு வருஷத்துக்கும் பரவலாக எடுத்து வையுங்க. கடைசி மாசத்து ஸ்டேட்மென்டை மட்டும் வைத்தால், படிவத்துக்காகவே திறந்தது போலத் தெரியும்.

வருமான வரியைச் சேர்ந்தே தாக்கல் பண்ணுங்க. உங்களுக்கு ஒரு பைசா சம்பளம் இல்லாவிட்டாலும் கூட்டுத் தாக்கல் செய்யலாம். தாக்கல் செய்ததற்கான டிரான்ஸ்கிரிப்டை வரித்துறையே இலவசமாகத் தரும். கல்யாணமான பிறகும் 'திருமணமாகாதவர்' என்று பழக்கதோஷத்தில் டிக் அடிக்கும் மாப்பிள்ளைகள் உண்டு. வரிச் சட்டப்படி அது தப்பு. போதாததற்கு, கல்யாணம் உண்மை என்று நீங்க சொல்லும் அதே விண்ணப்பக் கட்டுக்குள், இல்லை என்று சொல்லும் காகிதமாகவும் அது உட்கார்ந்துவிடும்.

அப்புறம் நாமினி. ஆயுள் காப்பீடு, கம்பெனி ஓய்வூதியக் கணக்கு, எல்லாவற்றிலும் யார் நாமினி என்று பாருங்க. எங்க வீட்டுக்காரர் முதல் வேலையில் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்தது அவர் அம்மா, அதாவது என் அத்தை பேர். மாற்றுவது அஞ்சு நிமிஷ வேலை. பெருந்துறையில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் அவருக்கு மூணு வாரம் ஆச்சு. "அதுக்கென்ன சாமி, அவ பேர்ல இல்லாம எம் பேர்ல எதுக்கு?" என்று அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். மூணு வாரமாகத் தூக்கம் கெட்டது அவருக்குத்தான்.

மருத்துவக் காப்பீடு, கார் காப்பீடு, போன் ஃபேமிலி பிளான் இதெல்லாம் சொல்லாமலே செய்வீங்க. பில்லை மட்டும் தூக்கிப் போடாதீங்க. குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் வையுங்க, அதைவிட வலுவான காகிதம் குறைவு.

படி 3: இனிஷியல் சிக்கலை அவிழுங்க

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அமெரிக்காவுக்கு அது புரியாது. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்கப்புறம் எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் காலியாக இருந்தால் விசாவில் முன்பேர் இடத்தில் எஃப்என்யு என்று விழும். முன்பேர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எனக்குக் கரண்ட் கம்பெனியிலிருந்து 'அன்புள்ள எஃப்என்யு' என்றுதான் ஒரு வருஷம் கடிதம் வந்தது.

வழி இதுதான். எந்தக் கணக்கு திறந்தாலும் கிரீன் கார்டில் உள்ள எழுத்திலேயே பேரைக் கொடுங்க. ஏற்கெனவே பல மாதிரி இருந்தால், விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி எழுதுங்க: என் பேர் இன்னின்ன காகிதத்தில் இன்னின்ன மாதிரி இருக்கிறது, எல்லாம் ஒரே ஆள், தமிழ்நாட்டில் இனிஷியல் முறை இப்படி. படிப்பவருக்கு நம்ம ஊர் வழக்கம் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீங்க.

படி 4: ஊரிலிருந்து எதைக் கொண்டுபோகணும்?

திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதியணும், விசாவுக்கே அதைக் கேட்டிருப்பார்கள். இந்த விண்ணப்பத்துக்கு ஒரு நகல் போதும்.

இங்கே ரெண்டு பேர் பேரிலும் வீட்டுமனை வாங்கியிருந்தால் பத்திர நகலை வைக்கலாம். மனைதான், தோட்டம் இல்லை. வெளிநாட்டில் வசிப்பவர்கள், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். "நம்பியூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி ரெண்டு பேர் பேர்லயும் போட்டரலாமுங்க" என்ற என் மாமனாரை இந்த விதியைச் சொல்லித்தான் நிறுத்தினோம். இங்குள்ள பேங்க் கணக்கைக் காட்டுவதாக இருந்தால், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்க. தாண்டினால் அமெரிக்க அரசுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

தமிழில் உள்ள எதுவானாலும் முழுவதும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கணும். மொழிபெயர்ப்பவர், தனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்னுடையதைச் செய்தவர் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியாரான சித்தப்பா. அவர் ஆர்வத்தில் மொய் நோட்டையும் கையில் எடுத்துவிட்டார். யார் எந்த ஊர், எவ்வளவு செய்தார்கள் என்று நாற்பது பக்கம். 'சித்தப்பா, அது நாம திருப்பிச் செய்யறதுக்கு' என்று பிடுங்கி வைத்தேன்.

படி 5: போட்டோ

இருபது போதும். கல்யாணத்தில் ரெண்டோ மூணோ, மீதி எல்லாம் ரெண்டு வருஷத்தில் எடுத்தது: பொங்கல், பனியில் வழுக்கி விழுந்தது, அத்தை மாமா வந்திருந்தபோது சமையலறையில். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார்.

குறிப்பு எழுதாத போட்டோ என்ன பண்ணும் என்று சொல்கிறேன். கொங்கு கல்யாணத்தில் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையும் அவர் கூடப் பிறந்தவளும் சேர்ந்திருந்து செய்யும் சீர். எங்க ஆல்பத்தில் பளிச்சென்று விழுந்த படம் அதுதான் என்று வீட்டுக்காரர் எடுத்து வைத்தார். பார்த்தால், பட்டும் நகையும் பூவுமாக என் நாத்தனார்தான் அவர் பக்கத்தில்! நம்ம ஊரைப் பற்றித் தெரியாத ஒருவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தாலி கட்டும் படத்தை வைத்தோம்.

படி 6: சாட்சிக் கடிதம்

நிரந்தரக் குடியிருப்பு கிடைத்ததிலிருந்து உங்க ரெண்டு பேரையும் தெரிந்தவர்கள் குறைந்தது ரெண்டு பேர். அவர்களுடைய முழுப் பேர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், உங்களுக்கு என்ன பழக்கம், எதைப் பார்த்துத் தெரியும் என்று உறுதிமொழியோடு எழுதித் தரணும். 'நல்ல தம்பதி, ஒற்றுமையாக இருக்கிறார்கள்' என்ற கடிதத்தால் பயன் இல்லை. 'வெள்ளிக்கிழமைதோறும் எங்க வீட்டில் சாப்பிடுவார்கள், எனக்கு ஆபரேஷன் ஆனபோது ரெண்டு பேரும் மாறி மாறி வந்து பார்த்தார்கள்' என்றால் அது சாட்சி. ஊரில் உள்ள பெரியப்பாவைவிட, அங்கே பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவது மேல். கடிதங்களை மட்டும் நம்பாதீங்க, மற்ற காகிதங்களுக்குத் துணைதான் அவை.

படி 7: படிவம்

கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து 750 டாலர், அனுப்பும் அன்று குடியேற்றத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்க. படிவத்தின் பதிப்புத் தேதியையும் அங்கேயே பாருங்க. ரெண்டு பேரும் பேனாவால் கையெழுத்துப் போடணும், ஒன்று விட்டுப்போனாலும் திரும்பி வரும். அசல் எதையும் அனுப்பாதீங்க, நகல் மட்டும். கோபியில் எடுத்த செராக்ஸ் ஏ4, அங்கே லெட்டர் அளவு. காகிதக் கட்டுக்கு வெளியே கீழே நீட்டிக்கொண்டிருக்கும், முடிந்தால் அங்கே போய் எடுங்க. அனுப்பும் முன் முழுக் கட்டையும் ஸ்கேன் பண்ணி வையுங்க.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால்?

இதை அந்தப் பொண்ணு கேட்கவில்லை. அவள் அம்மா தண்ணி கொண்டுவரும் சாக்கில் வந்து, மெதுவாகக் கேட்டார். நல்ல கேள்வி.

"கார்டைக் கேன்சல் பண்ணிருவேன்" என்று மிரட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். அது அவர் கையில் இல்லை. விவாகரத்து முடிந்துவிட்டால், அவர் அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ, அவர் இறந்துவிட்டால், அல்லது நாட்டை விட்டு அனுப்பினால் உங்களுக்குக் கடுமையான இன்னல் வரும் என்றால், தனியாக ஐ-751 போடலாம். 90 நாள் கணக்கு அதற்கு இல்லை. கொடுமைக்காகப் போடும்போது விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் விவாகரத்து, கொடுமை, இறப்பு எதைச் சொல்லிப் போட்டாலும், கல்யாணத்தை நல்ல மனசோடுதான் செய்தோம் என்று காட்டணும். அதற்கு மறுபடியும் படி 2-ல் சொன்ன அதே காகிதங்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் உங்க ஈமெயிலில் ஒரு நகல் இருக்கட்டும், பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும் தெரியட்டும். போலீஸ் புகார், ஆஸ்பத்திரிச் சீட்டு, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அவையும். அமெரிக்காவில் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும். இந்த நிலைமையில் குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீங்க.

படி 8: அனுப்பிய பிறகு

ரசீதுக் கடிதம் வரும். 2023 ஜனவரியிலிருந்து அந்தக் கடிதம் பழைய கார்டின் ஆயுளை 48 மாசம் நீட்டிக்கிறது. பிறகு கைரேகைக்குக் கூப்பிடலாம். நேர்காணல் எல்லாருக்கும் வராது, காகிதம் வலுவாக இருந்தால் தவிர்த்துவிடுவார்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 (AR-11) என்ற படிவம் மூலம் முகவரியை மாற்றுங்க, இல்லாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கெடு தாண்டிவிடும்.

இடையில் ஊருக்கு வரலாம். நான் வந்தேன். திரும்பும்போது கோவை பீளமேடு ஏர்போர்ட்டில் செக்-இன் கவுன்ட்டரில் இருந்த தம்பி, காலாவதியான கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், இது முடிஞ்சிருச்சுங்களே." ரசீதுக் கடிதத்தை எடுத்து, 48 மாசம் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினேன். உள்ளே கொண்டுபோய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார், இருபது நிமிஷம் ஆச்சு. எடுத்துக்கொண்டு போனது அசல் கடிதம், அதனால் தப்பித்தேன். செராக்ஸைப் பெட்டியில் போடுங்க, அசலைக் கைப்பையில் வையுங்க.