சிங்கிள்-8 கேசட்ட வீட்லயே ரீலோட் பண்ணது

1965ல ஃபூஜி கொண்டு வந்த, வீட்ல சினிமா எடுக்கற சிங்கிள்-8 ஃபிலிம் கேமராவுக்கு இப்ப புது கேசட் கடையில கிடைக்காது, ஆனா கோடாக்கோட சூப்பர் 8 ஃபிலிமும் அதே அகலம், ஃபிலிம இழுக்கறதுக்கு ஓரத்துல இருக்கற ஓட்டையும் அதேதான், அதனால கோடாக் கேசட்ட இருட்டுல உடைச்சு ஃபிலிம பழைய ஃபூஜி கேசட்டுக்குள்ள சுத்திக்கலாம். எனக்கு வந்த பிரச்சன, பாதி ஓடினதும் கேமரா முக்க ஆரம்பிச்சு நின்னுடும். மோட்டார் போச்சுன்னு மெக்கானிக் ஒருத்தர் சொல்லிட்டாரு, ஆனா காலி கேசட் போட்டா நல்லாதான் ஓடுது.

விஷயம் ஃபிலிமோட தடிமன்ல இருக்கு. ஃபூஜி ஃபிலிம் மெல்லிசான பாலியஸ்டர், சூப்பர் 8 அசிடேட் கொஞ்சம் தடி, முழு 15 மீட்டரையும் திணிச்சா சுருள் கேசட் சுவத்துல உரசும். 10 மீட்டரோட வெட்டிட்டேன், இப்ப மழமழன்னு போவுது, செகண்டுக்கு 18 ஃப்ரேம் ஸ்பீடுல ரெண்டு நிமிஷத்துக்கு மேலயே வரும், போதாதா?

இன்னொண்ணு, ஓட்ட ஒரு ஓரத்துலதான் இருக்கும், ஒரு தடவ சுத்தி மாத்தினா அது எதிர்பக்கம் வந்துடும், அதனால இன்னொரு தடவ திருப்பி சுத்தி விரலால தடவி பாத்துக்கணும். செவப்பு லைட்டும் கூடாது, முழு இருட்டு.

நம்ம வேலூர் மே மாச வெயில்ல ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம்ல ஃபேனும் இல்லாம உக்காந்தா வேர்வ ஃபிலிம்ல ஒட்டிக்கும், ராத்திரி காட்டன் க்ளவுஸ் போட்டுதான் பண்றேன். "இன்னாடா பண்ற உள்ள"ன்னு அம்மா கதவ திறந்துடுவாங்க, அதனால தாழ்ப்பா முக்கியம்.