டிசம்பர் ஒன்றிலிருந்து தினம் ஒரு அதிகாரம்

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் டிசம்பர் பிறந்துவிட்டால் வெள்ளையடிப்பு, ஸ்டார் கட்டுவது, அச்சுமுறுக்குக்கு மாவிடிப்பது என்று கை ஓயாது. முப்பது வருஷம் நானும் அப்படித்தான் கிறிஸ்மஸ் கொண்டாடினேன். வீடு புதுசாகும், நான் பழையபடியே இருப்பேன். இப்போது ஆறேழு வருஷமாக வேறு மாதிரி செய்து வருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பைபிளில் லூக்கா சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24 அதிகாரம். டிசம்பர் 1 அன்று தொடங்கினால் 24ஆம் தேதி ராத்திரி முடிந்துவிடும். இயேசு பிறக்கும் மாட்டுத்தொழுவம் 2ஆம் தேதியே வந்துவிடுகிறது. பண்டிகைக்கு முந்தின ராத்திரி நீங்கள் வாசிக்கப்போவது அவர் உயிர்த்தெழுந்த காலியான கல்லறையை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். போனில் வேண்டாம், புத்தகத்தில் வாசியுங்கள், வாய்விட்டு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து ஓட்டாதீர்கள். அன்றைய தேதிக்கு உள்ளதை மட்டும் வாசித்தால் போதும்.

பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். வாசிக்கும்போது யார் முகம் வந்து நிற்கிறதோ அவர் பெயரை எழுதிவையுங்கள். காரணம் எழுத வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

15ஆம் தேதி கெட்ட குமாரன் கதை வரும். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு அப்பா விருந்து வைக்கிறார், மூத்தவனுக்குக் கோபம். முதல் வருஷம் அதை வாசித்தபோது, வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நின்ற மூத்தவனைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நானும் மூத்தவள். அம்மா காலமான பிறகு அவளுடைய சங்கிலி என்னிடமே தங்கிவிட்டது. அதனால் தங்கச்சியோடு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. 19ஆம் தேதி, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்கிறான். மறுநாள் காலையில் சங்கிலியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நோட்டில் எழுதிய பெயர்களோடு ஒப்புரவாகப் போகும் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். போனில் முடிக்கப் பார்க்காமல் நேரில் போங்கள். "நான் செய்தது தப்பு" என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா நீயும்" என்று ஆரம்பித்தால் போன காரியம் கெட்டது. உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனாள், காபியை ஆற்றி என் முன்னால் வைத்தாள். சர்க்கரை இல்லாத காபி. எனக்கு சுகர் வந்தது அந்த நாலு வருஷத்துக்குள்தான். யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

பலிபீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறதே, அதனால் இதைக் கிறிஸ்மஸ் நற்கருணைக்கு முன்பே முடித்துவிடுங்கள். உங்களை அடித்துத் துன்புறுத்தியவர்கள் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். அதைச் சபை ஐயரிடமோ (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லி ஜெபித்தால் போதும்.

பண்டிகைக்குப் பிறகு வரும் நாட்களைப் பலகாரம் கொடுத்து வாங்குவதிலேயே கழித்துவிடாமல் யோவான் சுவிசேஷம் 3ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் இயேசுவிடம் ராத்திரியில் வருகிறார். மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும், தாயின் கர்ப்பத்துக்குள் திரும்பப் போக முடியுமா என்று கேட்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் பொருள் உண்டு, 'மேலிருந்து' என்றும் பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார். நோட்டு போடுவதும் பஸ் ஏறுவதும் என் வேலை. மேலிருந்து பிறப்பிப்பது பரிசுத்த ஆவியானவர். இது புரிந்த பிறகுதான் என் மனப்பாரம் இறங்கியது.

31ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு நோட்டைக் கொண்டுபோங்கள். பாவ அறிக்கை நேரத்தில், இன்னும் ஒப்புரவாகாமல் நோட்டில் மிச்சமிருக்கும் பெயர்களை மனதுக்குள் வாசியுங்கள். புது வருஷத்துக்கென்று வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் எனக்கு இரண்டு பெயர் மிச்சம். புது நோட்டின் முதல் பக்கத்தில் அவற்றை எழுதிவைத்திருக்கிறேன்.