தலைவலி மாத்திரையே தலைவலி தரும்போது
ஸ்கேன் எடுத்தாச்சு, கண்ணையும் காட்டியாச்சு, காரணம் தெரியாமல் தலைவலி தொடர்கிறதா? காலி மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் என்றால் மாதத்தில் 15 நாள், காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள். இந்த அளவையோ அதற்கு மேலோ மூன்று மாதம் தாண்டிப் போட்டால், மாத்திரையே வலியை வளர்த்துவிடும். எத்தனை மாத்திரை என்பதல்ல, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

தினசரி காலண்டரில் வலித்த நாளில் ‘வ’, மாத்திரை போட்ட நாளில் ‘மா’ என்று ஒரு மாதம் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்தியதும் 2 முதல் 10 நாள் வலி கூடும்; பலர் இங்கேதான் பயந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள். டிரமடால் போன்ற அபின் வகை வலி மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

இடி விழுந்ததுபோல் திடீர் வலி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் குறிப்பெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.