ஒரு கிரெடிட் என்பது எத்தனை மணி நேரம்?

சித்தி மகன் கோயம்புத்தூரில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறான். போன வாரம் நள்ளிரவு தாண்டி அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அக்கா, என்னுடைய பட்டத்தில் மொத்தம் 160 கிரெடிட்தான் இருக்கிறது. ஜெர்மனியில் 180 கேட்கிறார்கள். மீதி 20க்கு எங்கே போவது?"

ஏழு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே கணக்கைப் போட்டு இரண்டு நாள் தூக்கம் கெட்டவள். பிறகு ஜெர்மனியில் முதுகலைப் பொறியியல் முடித்தேன்; படிக்கும்போதே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பகுதி நேரமாக வேலையும் பார்த்தேன். அங்கே மேசைக்கு வந்த பாதிக் கேள்விகள் கிரெடிட் பற்றியவைதான். தம்பிக்கு எழுதிய பதில் நீண்டுபோனதால், அவனைப் போலக் குழம்பி நிற்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சொல் ஒன்றுதான், அளக்கிற படிதான் வேறு. நம் ஊரில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் அது ஒரு கிரெடிட். அதாவது ஆசிரியர் வகுப்பில் நிற்கிற நேரத்தை அளக்கிறோம். ஐரோப்பிய நாடுகளின் பொதுவான கிரெடிட் முறையான இசிடிஎஸ் மாணவரின் உழைப்பை அளக்கிறது. வகுப்பு, நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது, ஆய்வக அறிக்கை எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். தேர்வறையில் கழியும் இரண்டு மணி நேரம்கூட. முழு நேரமாக ஓராண்டு படித்தால் 60 கிரெடிட். அந்த ஓராண்டின் உழைப்பு 1,500 முதல் 1,800 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம் வரும். ஆஸ்திரியாவில் 25, நெதர்லாந்தில் 28, ஜெர்மனியில் பெரும்பாலும் 30.

படியால் அளந்த நெல்லையும் மரக்காலால் அளந்த நெல்லையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது அல்லவா? தம்பி செய்தது அதைத்தான். அவனுடையது நான்கு ஆண்டுப் பட்டம். ஆண்டுக்கு 60 வீதம் 240 ஆகிறது. 180 கேட்கும் இடத்தில் அவனிடம் 60 கூடுதலாகவே இருக்கிறது.

தனித்தனிப் பாடங்களுக்கும் இதே வழிதான். அவனுடைய 160ஐ நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 40. அங்கே 60. ஆகவே ஒன்றரை மடங்கு: நான்கு கிரெடிட் பாடம் ஆறாகும், மூன்று கிரெடிட் பாடம் நாலரை ஆகும். உங்கள் பட்டத்தில் மொத்தம் வேறாக இருந்தால் பெருக்கும் எண்ணும் மாறும். இது நீங்களே தோராயமாகச் சரிபார்த்துக்கொள்ளும் கணக்கு மட்டுமே. முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். விண்ணப்பத்தில் மாற்றிய எண்ணை எழுதினால் எப்படி மாற்றினீர்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கணக்கு தெரிந்தால் அதைப் பார்ப்பவர் மறுப்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்.

மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து 300 வர வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. 180ம் 120ம் சேர்ந்தால் 300. ஆனால் ஒன்றரை ஆண்டில் முடியும் 90 கிரெடிட் முதுகலைகளும் உண்டு. அவை 210 கிரெடிட் இளங்கலையை எதிர்பார்க்கின்றன. சீக்கிரம் முடிகிறதே என்று 180ஓடு போய் நின்றால் 30 குறையும். பிரிட்டன் பக்கம் போகிறவர்கள் எந்த எண்ணைப் பார்த்தாலும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அங்கே ஓராண்டுக்கு 120. அவர்களுடைய இரண்டு கிரெடிட், இசிடிஎஸ் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்குச் சமம்.

விண்ணப்பங்கள் உண்மையில் அடிபடுவது மொத்தக் கணக்கில் அல்ல. "கணிதத்தில் குறைந்தது 20 கிரெடிட்" என்று நிபந்தனைகளில் எங்கோ ஒரு வரி இருக்கும், அங்கேதான். எனவே ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்பது. வலப்பக்கம் உங்கள் பாடம், கிரெடிட், மொத்த வகுப்பு மணி, பாடத்திட்டத்தில் அது இருக்கும் பக்க எண். பாடத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். "பொறியியல் கணிதம் 3" என்று எழுதியிருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கு என்ன தெரியும்? ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று உள்ளே இருப்பதை எழுதுங்கள். நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் புதிய பாடத்திட்டத்தைத்தான் நீட்டுவார்கள்.

மதிப்பெண் மாற்றத்துக்கு ஜெர்மனியில் ஒரு சூத்திரம் உண்டு. திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்பார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 8.1, தேர்ச்சி 5 என்றால் 2.14 வரும். அதே 8.1க்குத் தேர்ச்சி 4 என்று வைத்தால் 1.95. அங்கே 1.0தான் உச்சம் என்பதால் குறையக் குறைய நல்லது. தேர்ச்சி மதிப்பெண் எது என்பது உங்கள் பட்டியலில் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியிடம் கடிதம் வாங்குங்கள்.

ஜெர்மனி போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் என்ற ஜெர்மன் கல்விச் சரிபார்ப்பு மையத்தின் சான்றிதழும் தேவைப்படுகிறது. அது ஆவணங்களைச் சரிபார்ப்பதற்கு. உங்கள் கிரெடிட்டை மாற்றித் தரும் இடமல்ல.

முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள்

முகவர்கள் காட்டும் பளபளப்பான கையேடுகளில் "அங்கீகாரம் பெற்றது" என்ற சொல் பக்கத்துக்கு இரண்டு முறை வரும். யாரிடம் பெற்றது என்று கேளுங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு சங்கம் தொடங்கி, ஒரு கழுகுப் படம் போட்டு, முத்திரை விற்கலாம்.

இதற்காகவே ஐரோப்பாவில் ஒரு அடுக்கு இருக்கிறது. கல்லூரியைச் சோதிக்கத் தர நிறுவனங்கள். அந்த நிறுவனங்களையே சோதிக்க ஒரு பதிவேடு. 2008இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய அந்தப் பதிவேட்டின் பெயர் ஈகார். எந்த அளவுகோலால் சோதிக்கிறார்கள் என்பதை, போலோன்யா என்ற ஐரோப்பிய உயர்கல்வி ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகளின் கல்வி அமைச்சர்கள் 2005இல் நார்வேயின் பெர்கனில் ஏற்றுக்கொண்டார்கள். 2015இல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் திருத்தினார்கள். பதிவேட்டில் உள்ள நிறுவனங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தை, எந்தப் படிப்பைச் சோதித்தன என்பதை டீகார் என்ற இணையத் தரவுத்தளத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம். ஜெர்மனிக்கு என்றால் அக்ரெடிட்டியெருங்ஸ்ராட் எனப்படும் அங்கீகார மன்றத்தின் தரவுத்தளத்தில் படிப்பின் பெயரைத் தட்டுங்கள். 2018 முதல் மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது நிறுவனங்கள், முடிவெடுப்பது இந்த மன்றம். சில பல்கலைக்கழகங்களுக்குத் தம் படிப்புகளைத் தாமே சோதித்துக்கொள்ளும் தகுதி தரப்பட்டிருக்கும், அதுவும் முறையானதுதான்.

பெயர் இருக்கிறது என்று கண்டதும் திருப்தியோடு மூடிவிடாதீர்கள். அங்கீகாரம் எந்தத் தேதி வரை, நிபந்தனை ஏதும் விதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நிபந்தனைக்கு ஜெர்மனில் அவுஃப்லாகே என்று பெயர். அறிக்கை முழுவதையும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான் நேராக மாணவர் வேலைச்சுமை பற்றிய பகுதிக்குப் போய்விடுவேன். ஒரு படிப்பின் குணம் அங்கே தெரிந்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னுடைய இரண்டாம் ஆண்டில் எங்கள் படிப்பைச் சோதிக்க ஒரு குழு வந்தது. வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், ஒரு மாணவி. அந்த மாணவியும் முழு உறுப்பினர்தான், ஒப்புக்கு வந்தவர் அல்ல. பேராசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு எங்கள் ஆறு பேரை உட்காரவைத்துப் பேசினார்கள். ஆய்வகப் பாடம் ஒன்றைப் பற்றிய கேள்வி வந்தது. ஐந்து கிரெடிட், அதாவது 150 மணி நேரம். நாங்கள் வாரம் ஒரு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து மணி நேரம். பதினான்கு வாரத்துக்கு 210. பெருக்கிச் சொன்னதும் அந்த மாணவி குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அறிக்கைகள் எட்டாகக் குறைந்துவிட்டன. எனக்குப் பயன்படவில்லை, பின்னால் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் செமஸ்டரில் நான் எட்டுப் பாடம் எடுத்தேன். ஊரில் எட்டு எடுத்துப் பழக்கம். கூட்டினால் 39 கிரெடிட், 1,170 மணி நேரம். 30 கிரெடிட்டுக்கு மேல் எடுக்க யாரும் தடுக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. இரண்டு தாளில் தோற்றேன். ஒரே தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு அங்கே எல்லை உண்டு. பல இடங்களில் மூன்று முறை. மூன்றாவதிலும் தோற்றால் படிப்பே முடிந்துபோகும். இங்கே மாதிரி அரியர் வைத்துக்கொண்டே போக முடியாது. ஆகவே சேர்ந்த வாரமே தேர்வு விதிமுறையைப் படியுங்கள், ஜெர்மனில் இருந்தாலும் மொழிபெயர்த்துப் படியுங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். ஆறு கிரெடிட் என்றால் 180 மணி: வகுப்பு 60, சுயமாகப் படிப்பது 120 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அந்த 120ஐ அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்று: 1.0 வாங்கினாலும் 4.0 வாங்கித் தப்பினாலும் கிடைப்பது அதே ஆறுதான். தோற்றால் பூஜ்யம், பாதி கிரெடிட் என்று ஒன்று கிடையாது.

மூன்றாம் செமஸ்டரில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஃபின்லாந்து போனேன். அந்த நாட்டில் 5தான் உச்ச மதிப்பெண், ஜெர்மனியில் 5 என்றால் தோல்வி. அம்மாவிடம் "ஐந்து வாங்கியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அது நல்ல செய்திதான் என்று விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அம்மாவுக்காவது விளக்கிவிட்டேன், அலுவலகத்துக்கு விளக்குவதுதான் பெரும்பாடு.

எராஸ்மஸில் போகிறவர்கள் கற்றல் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுகிறார்கள்: நீங்கள், அனுப்பும் இடம், ஏற்கும் இடம் என்று மூன்று தரப்பு. அதில் உள்ள பாடங்களில் தேறினால் திரும்பி வந்ததும் ஏற்றுக்கொள்வதாக உங்கள் பல்கலைக்கழகம் அதில் எழுதித் தருகிறது. போன இடத்தில் ஒரு பாடம் நேர அட்டவணையில் மோதியதால் நான் வேறொன்றுக்கு மாறினேன். அங்கிருந்த பேராசிரியர் "சரி" என்றார், நானும் விட்டுவிட்டேன். ஒப்பந்தத்தைத் திருத்தி மூன்று கையெழுத்தும் வாங்கவில்லை. பாடம் மாறிய அன்றே அதைச் செய்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து விண்ணப்பித்தால் மறுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இல்லை என்பது ஒரு காரணம். அது ஐந்து கிரெடிட், எங்கள் பாடம் ஆறு என்பது இரண்டாவது காரணம். இரண்டாவதுக்கு நான் மசியவில்லை. 1997இல் லிஸ்பனில் கையெழுத்தான அங்கீகார உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. அதன்படி, கணிசமான வேறுபாடு இருந்தால் மட்டுமே மறுக்கலாம். வேறுபாடு இருக்கிறது என்று காட்ட வேண்டியது மறுப்பவர்தான், மாணவர் அல்ல. ஒரு கிரெடிட் குறைவது அந்த வேறுபாடு ஆகாது என்பது என் வாதம்.

கடிதத்தில் கோபத்தைக் காட்டவில்லை. இரண்டு பாடக் கையேடுகளிலும் இருந்த கற்றல் விளைவுகளை, அதாவது பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும் என்று எழுதியிருக்கும் வரிகளை, பக்கத்தில் பக்கமாக வைத்தேன். ஏழில் ஆறு ஒத்துப்போயின. ஏழாவதை எங்கள் முன்பாடம் ஒன்றில் நான் ஏற்கெனவே படித்திருந்தேன், அதையும் சொன்னேன். கடைசியில் "எந்த வேறுபாடு கணிசமானது என்று கருதுகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி. மூன்று வாரத்தில் ஆறு கிரெடிட்டும் கிடைத்தன. நீங்களும் பாடத்தின் பெயரை ஒப்பிட்டு வாதாட வேண்டாம், கற்றல் விளைவுகளை ஒப்பிடுங்கள். கடிதத்தில் கேட்பவரின் பணிவும் இருக்கட்டும், விதி தெரிந்தவரின் நிதானமும் இருக்கட்டும்.

தம்பி நேற்று தன் அட்டவணையை அனுப்பியிருந்தான். நான்கு கிரெடிட் கணிதத் தாள் மூன்று, பெருக்கினால் 18. கேட்பது 20. மறுபடியும் அழுகிற முகம். கீழே இறங்கிப் பார்த்தேன், எண்ணியல் முறைகள் என்ற மூன்று கிரெடிட் பாடத்தைக் கணினிப் பிரிவில் வைத்திருக்கிறான். உள்ளே முழுக்கக் கணிதம்தான். மேலே நகர்த்தச் சொன்னேன். 22.5 ஆகிவிட்டது.